இரண்டு ஏசியும் நானும்

பந்தைத் தொட்டே பார்க்காதவனுக்குத்தான் எந்த ஆட்டக்காரன் எந்த அணிக்குப் போக வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். நான் பந்தைத் தொட்டதே இல்லை. அதனால் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் சவூதியில், செங்கடலோர யான்புவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குப் போனான், எவ்வளவு ஓவர்டைம் செய்தான், யாருக்கு லீவு எப்போது என்று எழுதி வைக்கிற வேலை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவன். ஊரில் கபடி தெரியும், வாலிபால் தெரியும். பாஸ்கட்பால் என்பது கான்வென்ட் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு மேலே தெரிகிற ஒரு இரும்பு வளையம், அவ்வளவுதான்.

யான்புவில் அந்த வளையம்தான் எங்களுக்கு எல்லாமாக இருந்தது. அதற்குக் காரணம் பிலிப்பினோக்கள். அவர்கள் இருக்கும் கேம்பில் சாப்பாடு வருவதற்கு முன்னால் பாஸ்கட்பால் கம்பம் வந்துவிடும். ரிஃபைனரியைச் சுற்றியிருந்த கம்பெனிகள் எல்லாம் அணி வைத்திருந்தன. நோன்புப் பெருநாள் முடிந்ததும் போட்டிகள் தொடங்கும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் மொத்த கேம்பும் மைதானத்தில்தான்.

போட்டியில் ஒரே ஒரு கண்டிப்பான விதி இருந்தது. எந்தக் கம்பெனியின் இகாமாவை, அதாவது தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதிப் புத்தகத்தை, வைத்திருக்கிறாயோ அந்தக் கம்பெனிக்குத்தான் ஆட வேண்டும். அணி மாற வேண்டுமென்றால் உனக்கு விசா கொடுத்த முதலாளியான கபீல் உன்னை ரிலீஸ் செய்ய வேண்டும், இன்னொரு கபீல் உன்னை எடுத்துக்கொள்ள வேண்டும். நோன்புக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்வதற்குள் ஆட்டக்காரர் பட்டியல் கொடுக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு ஆளை மாற்ற முடியாது. அமெரிக்காவிலும் இப்படி ஒரு கடைசி நாள் உண்டு என்று பிலிப்பினோக்கள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்க ரசிகனுக்கு ஆட்டம் தெரிந்தால் போதும். எங்களுக்குத் தொழிலாளர் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டக்காரருக்குக் கால் சுளுக்குவதைவிட லீவு வருவதுதான் பெரிய ஆபத்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவு சரியாக அரையிறுதி வாரத்தில் வந்து தொலைந்தால் அணி காலி. ஆகவே ஊரிலிருக்கும் மனைவிமார்களுக்குச் சமமாக நாங்களும் நாள் எண்ணினோம். அவர்கள் எப்போது வருவாரோ என்று எண்ணினார்கள், நாங்கள் இப்போது போய்விடக் கூடாதே என்று எண்ணினோம்.

இந்தக் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவனாயிற்றே. (உட்கார்ந்திருந்தேன் என்பதைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிழிக்கவில்லை, அது வேறு விஷயம்.) டியூட்டி முடிந்ததும் கேம்ப் வாசலில் இருந்த ஜபருல்லா பாயின் மளிகைக் கடைக்கு வந்துவிடுவேன். பாய் அதிராம்பட்டினத்துக்காரர், எங்கள் ஊருக்குப் பக்கத்துக்காரர். பெப்சிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் அதுதான் எங்கள் சட்டசபை. என்னுடன் சாரக்கட்டு வேலை பார்க்கும் செல்வமும் இருப்பான். அறந்தாங்கிப் பையன், என் ரூம்காரன், நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

அந்த வருடம் சட்டசபையில் ஒரே விவாதம், டான்டே.

டான்டே கடற்கரையோரம் கேம்ப் போட்டிருந்த இன்னொரு கம்பெனியின் ரிக்கர். கிரேனில் சுமை கட்டிவிடுகிற வேலை. பிலிப்பினோக்களில் காண முடியாத உயரம், ஆறரை அடி என்பார்கள். (அளந்தவர் யாருமில்லை. அண்ணாந்து பார்த்தவர்கள் சொன்னது.) சென்டர் இடத்தில் ஆடுவார். வளையத்தில் பட்டு பந்து எங்கே வந்து விழுமோ அந்த இடத்தில் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார். ஓடி வந்து நிற்கிற மாதிரியே இருக்காது, அங்கேயே குடியிருப்பவர் மாதிரி இருக்கும். அவர்மேல் மோதி எதிராளி கீழே விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் மறுபக்கம் ஓடுவார். அதற்குள் தன் அணிக்கு எதிராக ஒரு கூடை விழுந்துவிட்டாலும் கவலைப்பட மாட்டார். அவரால் நாங்கள் தொடர்ந்து இறுதி ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தோம். இருந்தாலும் அவர் ஆடும்போது எனக்குக் கை தட்டாமல் இருக்க முடியாது. செல்வம் என் கையைப் பிடித்து அமுக்குவான்.

அந்த டான்டேயின் காண்ட்ராக்ட் முடிகிறது என்று செய்தி வந்தது.

"ஊருக்கே போயிடப் போறாரு. நேத்து என் கடையில பெரிய அட்டைப் பெட்டியும் டேப்பும் கயிறும் வாங்கிட்டுப் போனாரு" என்றார் பாய்.

"இல்ல பாய். ஊருக்குப் போறவன் சூட்கேஸ் வாங்குவான். அட்டைப் பெட்டின்னா கேம்ப் மாத்துறான்னு அர்த்தம்" என்றேன் நான்.

"எந்த கேம்புக்குண்ணே?" என்றான் செல்வம்.

"அதைத்தான் நாம முடிவு பண்ணணும்."

உண்மையில் அது அவர் வருடாவருடம் வீட்டுக்கு சோப்பும் டின் மீனும் அனுப்புகிற பெட்டி. ஆனால் அந்த ஒரு அட்டைப் பெட்டியை வைத்து ஒரு வாரம் பேசினோம். ஜித்தாவுக்குப் போகிறார் என்றேன், ஜுபைலுக்குப் போகிறார் என்றேன், இரண்டு கம்பெனிகள் அவருக்காகச் சண்டை போடுகின்றன என்றேன். எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. டான்டேயின் கூடப் பிறந்த தம்பி எங்கள் கம்பெனியிலேயே வெல்டராக இருந்தான், தினமும் காலையில் என் ஜன்னலில்தான் கார்டு கொடுத்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்ணனுக்குத் தம்பியோடு ஒரே கேம்பில் இருக்க ஆசை என்று சொல்லியிருப்பான். கேட்கத் தோன்றவில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்பது ஊகிக்கிறவர்களுக்கு அழகில்லையே.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வைகாசியில் கல்யாணம். பெண் மலர்விழி, பட்டுக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் சவூதி வருவதற்கு முன்பே பேசி முடித்தது. விசா திடீரென்று வந்ததால் ஒருமுறை தள்ளிப் போட்டாயிற்று. "இன்னொரு தரம் தள்ளிப் போச்சுன்னா நாங்க வேற எடம் பாக்க வேண்டியதுதான் மாப்ள" என்று அவள் அப்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஏறவில்லை. என் இரண்டு வருட லீவு வைகாசியில் வந்தது. அதை நம்பித்தான் மண்டபம் பிடித்திருந்தார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின சனிக்கிழமை, சட்டசபை ஒரு தீர்மானம் போட்டது. எங்கள் முதீரைப் பார்த்து டான்டேயை எடுக்கச் சொல்ல வேண்டும். முதீர் என்றால் மேனேஜர். லெபனான்காரர், பாஸ்கட்பால் என்றால் காப்பியைக்கூட ஆற விட்டுவிடுவார். தூதுக்குழுவுக்கு நான் தலைவன், செல்வம் உறுப்பினர். பாய் கடையை விட்டுவிட்டு வர முடியாது என்பதால் தார்மீக ஆதரவு மட்டும்.

கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பிறகு எனக்கு மேடை கிடைக்கவில்லை. முதீரின் அறையில் கிடைத்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், இந்தி, அரபி மூன்றையும் கலந்து பேசினேன். ஒரு சென்டர் இல்லாத அணி தூண் இல்லாத வீடு என்றேன். டான்டே மாதிரி ஆள் ஆயிரத்தில் ஒருவர் என்றேன். அவருக்கு ஈடாக நம் ஆள் ஒருவரைக் கொடுத்தாவது வாங்க வேண்டும் என்றேன்.

முதீர் சாய்ந்து உட்கார்ந்தார். "சும்மா ரிலீஸ் கொடுக்க மாட்டார்கள். யாரைக் கொடுப்பது?" என்று கேட்டார்.

"யாரை வேண்டுமானாலும். வேலைக்கு ஆள் கிடைக்கும் சார், டான்டே கிடைக்க மாட்டார். அணிக்காக யாராவது ஒருவர் தியாகம் செய்யத்தான் வேண்டும். அந்த ஆள் மறுத்தால் நானே பேசிச் சம்மதிக்க வைக்கிறேன்."

"அவர்களுக்கு எந்த மாதிரி ஆள் தேவைப்படுகிறது?"

அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். யான்புவில் எந்தக் கம்பெனியில் என்ன காலியிடம் என்பது எனக்குத் தெரியாமல் இருக்குமா? மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"டைம் கீப்பர் சார். அங்கே ஓவர்டைம் கணக்கெல்லாம் குழப்பம். ஒரு நல்ல டைம் கீப்பருக்காகத் தவிக்கிறார்கள்."

செல்வம் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினான். பிரமிப்பில் கிள்ளுகிறான் என்று நினைத்துக்கொண்டு மேலும் பேசினேன். "கடல் காற்றில் அவர்களுடைய கேம்ப் ஏசிகளும் துருப்பிடித்துவிட்டன" என்று ஒரு உபரித் தகவலும் கொடுத்தேன். முதீர் என்னை முதல் முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். எழுந்து வந்து கை கொடுத்தார்.

வெளியே வந்ததும் செல்வம், "அண்ணே, நம்ம கம்பெனியில டைம் கீப்பர் எத்தனை பேருண்ணே?" என்று கேட்டான்.

"நான் ஒருத்தன்தான். ஏன்?"

அவன் வழக்கம்போல் தலையாட்டினான். நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் பாய் கடையில் என் பேச்சை இரண்டு முறை நடித்துக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் முதீர் கூப்பிட்டு அனுப்பினார். "மப்ரூக், வாழ்த்துகள். முடிந்துவிட்டது. டான்டே நமக்கு. நீ அவர்களுக்கு. நீ மட்டும் போதாது என்றார்கள். அதனால் இரண்டு விண்டோ ஏசியும் தருகிறேன். கலாஸ், அவ்வளவுதான்."

"சார், வைகாசி... மே மாதம்... என் லீவு" என்றேன்.

"புதுக் கம்பெனி, புதுக் காண்ட்ராக்ட். லீவு இரண்டு வருடம் கழித்து. யாராவது தியாகம் செய்ய வேண்டும் என்று நீதானே சொன்னாய்? நான் நெகிழ்ந்துபோனேன் ஹபீபி. இப்படி ஒரு ரசிகனை நான் பார்த்ததில்லை." அவர் உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. என்னுடையதும்தான்.

ஜன்னலுக்கு வந்த பிலிப்பினோக்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கேம்பைச் சுற்றினார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அதுவரை நான் கேம்பைப் பார்த்ததில்லை. கல்யாணம் நின்றுபோகப் போகிறது என்பதை மேலேயிருந்து யாரிடம் சொல்ல? சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

சாயங்காலம் டெலிபோன் கேபினுக்குப் போய் உரக்கடைக்குப் போன் போட்டேன். மாமா முழுதும் கேட்டார்.

"பந்து வெளாடுற ஒருத்தனுக்காக ஒங்களைக் குடுத்துட்டாங்களா?"

"ஆமா மாமா."

"மேல ஏதாச்சும் போட்டு வாங்குனாங்களா?"

"இல்ல மாமா. நாங்கதான் மேல ரெண்டு ஏசி குடுத்தோம்."

நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர் அவர். நிதானமாகச் சொன்னார். "வைகாசிக்கு வரலைன்னா நாங்க வேற பாத்துக்கிறோம் தம்பி."

அதுவரை மாப்ள. அந்த ஒரு வாக்கியத்தில் தம்பி ஆகிவிட்டேன். கேபினை விட்டு வெளியே வந்து பாய் கடைக்குப் போய்ப் பெப்சிப் பெட்டியில் உட்கார்ந்து அழுதேன். பாய் பால் ஊற்றாமல் ஒரு சுலைமானி டீ போட்டுக் கொடுத்தார்.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனி பிக்கப்பில் என்னை அனுப்பினார்கள். முன் சீட்டில் டிரைவரும், அரசாங்க அலுவலகங்களுக்கு நடக்கும் எங்கள் கம்பெனி ஆளும். ஆகவே நான் பின்னால். கம்பளி போர்த்திய இரண்டு ஏசிகளுக்கு நடுவே சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவர் தலையை நீட்டி, "ஏசியைப் பிடிச்சுக்கோ" என்றார். என்னைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. பின்னால் முதீரின் கார் வந்தது.

கடற்கரைக் கம்பெனி மேனேஜர் ஒரு எகிப்துக்காரர். மேஜைமேல் ரிலீஸ் காகிதங்கள் தயாராக இருந்தன. மூலையில் டான்டே நின்றிருந்தார், பக்கத்தில் அவருடைய பைகள். அவ்வளவு கிட்டத்தில் அவரை அப்போதுதான் பார்த்தேன். கல்யாணம் போய்விட்ட அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு பரவசம் வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

எகிப்துக்காரர் முதலில் ஏசிகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஓடிக்கொண்டிருக்கும்போது டான்டே என் பக்கம் குனிந்தார். கேம்புகளில் எல்லோரும் பேசுகிற அந்த அரைகுறை இந்தியில்தான் பேசினார், தமிழில் சொல்கிறேன்.

"எனக்குப் பதில் வந்திருப்பது நீதானா? முகம் ஏன் இப்படி இருக்கிறது?"

"ஒன்றுமில்லை. உங்கள் ஆட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"அதற்கு அழுவார்களா?"

சொல்லிவிட்டேன். வைகாசி, மண்டபம், மாமா, தம்பி ஆனது எல்லாம். டான்டே கேட்டுக்கொண்டே இருந்தார். என் தோளைத் தட்டிவிட்டு மேஜைக்குப் போனார். பேனாவை எடுத்துக் கொடுத்தார்கள். மூடியைக் கழற்றவில்லை.

"இந்த ஆளுக்கு மே மாதம் லீவு எழுதிக் கொடுங்கள். பிறகு நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

எகிப்துக்காரர் கத்தினார். புதிதாகச் சேருபவனுக்கு லீவா, மாஃபி, முடியாது என்றார். எங்கள் முதீர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியல் கொடுக்கிற இடம் காரில் போனாலும் கொஞ்ச தூரம், வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டான்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். ஒரு சுளையை எனக்கு நீட்டினார்.

"வேண்டாம் டான்டே. உங்கள் தம்பி அங்கே காத்திருக்கிறான்" என்றேன். தம்பி விஷயம் எனக்கே முந்தின நாள்தான் தெரிந்திருந்தது.

"தம்பி எங்கேயும் போக மாட்டான். பெண் வீட்டார் போய்விடுவார்கள்" என்றார்.

முன்பின் தெரியாத ஒருவனுக்காக, தன் தம்பியோடு இருக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துத் தின்ற அந்த மனிதரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். மைதானத்தில் நான் பார்த்ததெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது.

இரண்டு மேனேஜர்களும் அரபியில் சண்டை போட்டார்கள். பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் நடக்கத் தொடங்கியதைப் பார்த்ததும் எங்கள் முதீர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மே மாத லீவைக் கொடு. என் சொந்த அறையில் இருக்கிற ஏசியையும் நாளைக்கு அனுப்புகிறேன்" என்றார். எகிப்துக்காரர் கொஞ்சம் யோசித்தார். அந்த ஏசி என்ன கம்பெனி என்று கேட்டார். ஜப்பான் சாமான் என்றதும் லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். டான்டே விரலைத் துடைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார். முதீர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடியதை அந்த வருடத்தின் சிறந்த ஓட்டம் என்று சொல்லலாம். பாங்கு சொல்வதற்குள் போய்விட்டார்.

பெருநாள் கழிந்து இறுதி ஆட்டம் வந்தது. நான் இப்போது எதிர்க் கம்பெனி ஆள், அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். டான்டே எங்களைத் தவிடுபொடியாக்கினார். எங்கள் பையன் ஒருவன் அவர்மேல் மோதி விழுந்தபோது வழக்கம்போல் நின்று தூக்கிவிட்டுவிட்டு ஓடினார். நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்திலிருந்தவர்கள் என்னைச் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு டைம் கீப்பரையும் மூன்று ஏசியையும் கொடுத்து அந்த ஆட்டத்தை வாங்கியது கொள்ளை லாபம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த டைம் கீப்பர் நானாக இருந்தும் தோன்றியது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என்னை மறுபடியும் மாப்ளையாக்கிய மாமா, மண்டபத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கையைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னார். "ஊர்ல எல்லாரும் மாப்ளைக்கு ஏசி வாங்கிக் குடுப்பாங்க. எங்க மாப்ளையை ஏசி வச்சுக் குடுத்தாதான் எடுத்துக்கிட்டாங்க." அவர் கண்ணை மூடும்வரை இதே கதைதான். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்கூட இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார்கள்.

போன கோடையில் எங்கள் படுக்கையறை ஏசி நின்றுபோனது. கடைக்காரப் பையன் வந்து பார்த்தான். பழசு, இனிமேல் தேறாது, எக்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். நான் ஏசிக்குக் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மலர்விழி ஏசியையும் என்னையும் மேலும் கீழுமாக நிதானமாகப் பார்த்தாள்.

"ஏசியை மட்டும் எடுத்துக்கப்பா. இவரை ஏற்கெனவே ஒரு தடவை எக்சேஞ்சுல குடுத்துப் பாத்துட்டாங்க, கையிலேருந்து மூணு ஏசி போயிருச்சு. இவரு இங்கயே இருக்கட்டும்."